வேலியோரப் பிரண்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மழைக்காலக் கீரைகளைப் பற்றி எழுதியபோது பிரண்டையை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் கட்டுரை முழுவதற்கும் வந்தவற்றைவிட மிகுதி. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் பிரண்டைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பக்கத்து வீட்டு வேலியில் படர்ந்திருந்த பிரண்டையைப் பறித்து, வெண்டைக்காயை வதக்குவதுபோல் இரண்டு மூன்று நிமிடம் வதக்கித் துவையல் அரைத்தேன். முதல் கவளத்திலேயே நாக்கும் தொண்டையும் அரிக்கத் தொடங்கிவிட்டன. நறுக்கிய கையோ இரவு வரை அரித்தது. எங்கள் பாட்டி செய்தபோது இப்படி ஆனதே இல்லை. அரிக்காமல் செய்வது எப்படி? (ஒரு வாசகி, திருமங்கலம்)

பிரண்டைத் தண்டின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஊசிகளாக இருக்கிறது. தண்டை நறுக்கும்போது அந்த ஊசிகள் சாற்றோடு வெளிப்பட்டுத் தோலிலும் நாக்கிலும் குத்துவதால்தான் அரிப்பு உண்டாகிறது. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் அரிப்பதற்கும் இதுவே முதன்மையான காரணம். உங்கள் பாட்டி பறித்தது முதல் அரைத்தது வரை ஒவ்வொரு படியிலும் இந்த அரிப்பைக் குறைக்கும் வேலையையே செய்திருப்பார். ஆனால் அதைத் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடியின் நுனியிலிருந்து மூன்று, நான்கு கணுக்கள் வரையுள்ள இளந்தண்டே துவையலுக்கு உகந்தது. இரண்டு கணுக்களுக்கு நடுவில் பிடித்து ஒடித்தால் அது மளுக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த பிறகும் இரு துண்டுகளும் நாரில் தொங்கிக்கொண்டிருந்தால் அது முற்றிவிட்டது என்று பொருள். அதைக் கொடியிலேயே விட்டுவிடலாம். பறித்ததை நறுக்குவதற்கு முன்பே கழுவித் துடைத்துக்கொண்டு, இரு கைகளிலும் விரலிடுக்கு உட்பட நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பிறகு கணுக்களை வெட்டி எறிந்துவிட்டு, தண்டின் நான்கு விளிம்புகளிலும் ஓடும் நாரை நகத்தாலோ சிறு கத்தியாலோ கிள்ளி இழுத்தால், முருங்கைக்காயின் நார்போல் முழு நீளத்துக்கும் உரிந்து வரும். நார் உரித்த தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மோர் இருந்தால் அத்துண்டுகளைச் சற்று நேரம் அதில் போட்டு வைத்துப் பிழிந்தெடுப்பதும் பல வீடுகளில் வழக்கம்.

உங்கள் துவையல் அரித்ததற்கு வதக்கிய நேரம் போதாமையே பெரும் காரணமாக இருக்க வேண்டும். ஒரு கிண்ணம் நறுக்கிய பிரண்டைக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய்யாவது வேண்டும்; எண்ணெய்யில் சிக்கனம் பார்ப்பவர்கள் பிரண்டைப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. அடி கனத்த வாணலியில், மிதமான தீயில், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வதக்க வேண்டும். பளிச்சென்ற பச்சை நிறம் முதலில் மங்கி, பிறகு பழுப்பேறும்; துண்டுகளின் மூலைகள் சுருங்கி, வாணலியில் இருந்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறையும்; பச்சை வாடை போய் வறுபட்ட மணம் எழும். அப்போது ஒரு சிறு துண்டை ஆறவைத்து, மென்று, இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நாக்கில் சிறிதேனும் குறுகுறுப்பு இருந்தால் இன்னும் வதங்க வேண்டும்.

அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும் ஐந்தாறு மிளகாய் வற்றலையும் சிவக்க வறுத்து, பெருங்காயமும் நெல்லிக்காயளவு புளியும் சேர்த்துப் புரட்டி எடுத்து, எல்லாம் ஆறிய பிறகு உப்பு வைத்து அரைக்க வேண்டும். புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவதில் எண்ணெய்க்கும் தீக்கும் அடுத்த பங்கு அதற்கு உண்டு. தேங்காய் சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் விருப்பம். ஆனால் தேங்காய் சேர்த்தால் துவையல் மறுநாளைக்குத் தாங்காது. சேர்க்காமல், தண்ணீரும் விடாமல் அரைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, சுட்ட அப்பளத்தோடு சாப்பிடுவதற்கு ஈடாக எதையும் எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை.

கையில் அரிப்பு வந்துவிட்டால் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதைவிட, புளிக்கரைசலோ எண்ணெய்யோ தடவித் துடைத்த பின் கழுவுவது நல்லது. உதடோ தொண்டையோ வீங்கினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் தந்தைக்கு வயது 70. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். உறவினர்களில் சிலர் கட்டைப் பிரித்துவிட்டுப் பிரண்டைப் பற்றுப் போடச் சொல்கிறார்கள். வேறு சிலர் பிரண்டை மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பிரண்டை எலும்பை ஒட்டவைக்கும் என்பது உண்மையா? (ஒரு வாசகர், தாராபுரம்)

முதலில் கட்டைப் பிரிக்காதீர்கள். முறிந்த எலும்பு நேராகப் பொருந்தி, அசையாமல் இருந்தால்தான் நேராகக் கூடும். அதை எந்த மூலிகையாலும் செய்ய முடியாது, கட்டு ஒன்றுதான் செய்யும். எழுபது வயதில் கோணலாகக் கூடிய மணிக்கட்டைப் பிறகு திருத்துவது எளிதான காரியமன்று.

உங்கள் உறவினர்கள் வெறும் வாயால் சொன்னதாகவும் நினைக்க வேண்டாம். பிரண்டைக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. வடநாட்டில் இதை ‘ஹட்ஜோட்’, அதாவது எலும்பொட்டி என்றே அழைக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் ‘அஸ்திசம்ஹாரி’ என்ற பெயரும் அதே பொருளில் வழங்குகிறது. இலங்கையில் சிங்கள வைத்தியர்கள் ‘ஹீரெஸ்ஸ’ என்ற பெயரில் இதை முறிவு வைத்தியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். கணுக்கணுவாக, மூட்டுகள் பொருந்திய எலும்புபோல் தோன்றும் தண்டின் வடிவமே இந்த நம்பிக்கைக்குத் தொடக்கமாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். ஆனால் நம்பிக்கை தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த கே. என். உடுப்பாவும் அவருடைய சக ஆய்வாளரும், கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி, விலங்குகளின் எலும்பு முறிவில் பிரண்டை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1964ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரண்டை பெற்ற விலங்குகளில் எலும்பு விரைவாகக் கூடியதாகவும், கூடிய எலும்பு விரைவில் வலுப் பெற்றதாகவும் அவர்கள் கண்டார்கள். அதற்குப் பின்னும் ஆய்வுகள் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருக்கின்றன. எனினும் மனிதர்களிடம் நடத்தப்பட்டவை பெரும்பாலும் சில பத்துப் பேரை மட்டுமே வைத்துச் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகள். மாவுக்கட்டின் இடத்தைப் பிரண்டைக்குக் கொடுக்கும்படி அவற்றில் எதுவும் சொல்லவில்லை. கட்டு இருக்கும்போது கூடுதலாகப் பிரண்டையும் கொடுத்தால் வலியும் வீக்கமும் சற்று விரைவில் தணியக்கூடும் என்பதே அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க அளவான செய்தி.

பிரண்டையில் கால்சியம் மிகுதி, ஆகையால் அது எலும்புக்கு நல்லது என்று ஒரு விளக்கம் எங்கும் அடிபடுகிறது. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. அந்தக் கால்சியத்தின் ஒரு பகுதி, மேலே சொன்ன ஆக்சலேட் ஊசிகளில் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்சலேட்டோடு பிணைந்த கால்சியத்தைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சிக்கொள்ளும். கால்சியத்துக்காக என்றால் தயிரும் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. பிரண்டைக்கு உண்மையிலேயே எலும்பைத் தூண்டும் ஆற்றல் இருந்தால், அது தண்டிலுள்ள ஸ்டீரால் வகைச் சேர்மங்கள் போன்ற வேறு பொருள்களால் வருவதாகத்தான் இருக்க வேண்டும் என்ற திசையில்தான் ஆய்வாளர்களும் தேடுகிறார்கள்.

எனவே உங்கள் தந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் நன்கு வதக்கிய பிரண்டைத் துவையலைச் சோற்றோடு கொடுப்பதில், அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லாதவரை, தடையேதும் இல்லை. மாத்திரை என்றால், அவர் உட்கொள்ளும் மற்ற மருந்துகளின் பட்டியலோடு சென்று கட்டுப் போட்ட மருத்துவரிடமோ பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமோ கேட்ட பிறகே கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் இது இன்னும் கட்டாயம். நின்ற நிலையில் வழுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டுமா என்றும் அந்த மருத்துவரிடம் கேளுங்கள். பிரண்டையைப் பற்றிக் கேட்பதைவிட இந்தக் கேள்வி அவருக்கு அதிகம் பயன்படும்.

பற்றுப் போடும் வழக்கம் சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் உரியது. பிரண்டையை இடித்துச் சாறு பிழிந்து, புளியும் உப்பும் கரைத்துக் குழம்புப் பதத்துக்குக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் தடவுவார்கள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு, புண் இல்லாத தோலில் மட்டும் அதைச் செய்யலாம். எங்கேனும் ஓரிடத்தில் சிறிது தடவிப் பார்த்து, அரிப்பில்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

ஏரிக்கரையில் நான்கு பட்டைகளோடு ஒரு செடி பார்த்தேன். பிரண்டைதான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது? (ஒரு வாசகர், மதுராந்தகம்)

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. ஆகவே திராட்சைக் கொடிக்கு இருப்பதுபோல் கணுக்களில் இலைக்கு எதிர்ப்புறமாகச் சுருண்ட பற்றுக்கம்பி இருக்கும். கணுவுக்குக் கணு தண்டு ஒடுங்கியிருக்கும். இளம் பகுதியில் தடித்த இலை கணுவுக்கு ஒன்றாக இருந்து, பிறகு உதிர்ந்துவிடும். சிறிய பூக்களும், முற்றினால் சிவக்கும் பட்டாணியளவுப் பழங்களும் உண்டு. பழம் கடுமையாகக் காறும், வாயில் வைக்க வேண்டாம்.

நீங்கள் அஞ்ச வேண்டியது சதுரக்கள்ளிக்கு. அதுவும் பட்டை பட்டையான தண்டுடையதே. ஆனால் விளிம்புகளில் முள் இருக்கும், ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். ஒடித்த இடத்தில் பால் கசிந்தால் அது பிரண்டை அன்று என்ற ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். கள்ளிமுளையான் என்றொரு செடியும் நான்கு பட்டையோடு இருக்கும். அதில் பால் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை, கொடியாகப் படராமல் தரையிலிருந்து விரற்கடையாக நிமிர்ந்து நிற்கும். அதையும் துவையல் அரைத்து உண்பார்கள் என்பதால், அதில் ஏமாந்தாலும் பெரிய இழப்பு இல்லை.

சாலையோர வேலிகளிலும் சாக்கடை ஓரங்களிலும் படர்ந்ததைப் பறிக்காமலிருப்பது நல்லது. பூச்சிமருந்து அடிக்கும் வயல்களின் வேலிக்கும் இது பொருந்தும்.

திவசத்தன்று எங்கள் வீட்டில் பிரண்டைத் துவையல் கட்டாயம் இடம்பெறும். காரணம் கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. (ஒரு வாசகி, கும்பகோணம்)

சிராத்த காலத்தில் பாகற்காய் நூறு காய்களுக்கும், பிரண்டை முந்நூறு காய்களுக்கும், பலா அறுநூறு காய்களுக்கும் சமம் என்று பொருள்படும் வடமொழிச் சுலோகம் ஒன்று புரோகிதர்கள் வாயிலாக வழங்கி வருகிறது. அதில் பிரண்டைக்கு வச்சிரவல்லி என்று பெயர். வசிட்டர் வீட்டுச் சிராத்தத்துக்கு அழைக்கப்பட்ட விசுவாமித்திரர் 1008 காய்கள் பரிமாற வேண்டும் என்று நிபந்தனை விதித்ததாகவும், அருந்ததி இந்த மூன்றோடு வேறு எட்டுக் காய்களை மட்டும் சமைத்துக் கணக்கைச் சரிக்கட்டியதாகவும் செவிவழிக் கதை உண்டு. கதை எப்படியிருப்பினும், உளுந்து வடையும் எள்ளுருண்டையும் அதிரசமுமாக வயிற்றை நிறைக்கும் அந்த நாளின் இலையில், பசியைத் தூண்டிச் செரிமானத்துக்கு உதவுவதாகக் கருதப்படும் ஒரு துவையல் இருப்பது பொருத்தமாகவே படுகிறது.

காலையில் பறித்த பிரண்டை மிகவும் புளிக்கிறது. மாலையில் அதே கொடியில் பறித்தது அவ்வளவு புளிப்பதில்லை. இது என் கற்பனையா? (ஒரு வாசகி, கோவில்பட்டி)

கற்பனை அன்று. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. கரிசலிலும் செம்மண் மேட்டிலும் காய்ந்து கிடக்கும் பிரண்டை அப்படிச் செய்தால், அந்தத் துளைகளின் வழியே உள்ள நீரெல்லாம் ஆவியாகிவிடும். எனவே அதன் தண்டு பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. பொழுது விடிந்ததும் அந்த அமிலத்தைச் செலவழித்து வெயிலில் உணவு தயாரிக்கிறது. விடியற்காலையில் அமிலம் உச்சத்தில் இருப்பதும் மாலையில் வற்றிப்போவதும் அதனால்தான். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் கையாளும் உத்தியே இது. பிரண்டையில் இலையைவிடத் தண்டே இந்த வேலையை முழுமையாகச் செய்கிறது என்பதை 1980களில் வெளியான ஆய்வுகள் காட்டின. காலைப் பிரண்டைக்குப் புளியைச் சற்றுக் குறைக்கலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும், வேண்டாம்.

அப்பளத்தில் பிரண்டை சேர்ப்பது எதற்காக? பிரண்டை உப்பு என்பதும் அதுவும் ஒன்றா? (ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்)

இரண்டும் வேறு. உளுந்தப்பள மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதிலாகப் பிரண்டையை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைச் சேர்ப்பது பழைய கைப்பக்குவம். அப்பளத்துக்குப் பேர்பெற்ற கல்லிடைக்குறிச்சி உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அங்குள்ள மூத்தவர்களிடம் பக்குவத்தை நேரில் கேட்டுக்கொள்ளலாம். மாவு இணங்கி வரவும், பொரிக்கும்போது அப்பளம் நன்கு உப்பவும், உளுந்தின் மந்தத்தை முறிக்கவும் அது உதவும் என்பார்கள். கடைகளில் ‘பிரண்டை அப்பளம்’ என்று விற்பதில் சாறு எவ்வளவு இருக்கிறது என்பது தயாரிப்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது.

பிரண்டை உப்பு சித்த மருந்து. தண்டை உலர்த்தி எரித்துச் சாம்பலாக்கி, அதை நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை இறுத்துக் காய்ச்சினால் அடியில் படிவது அது. காரத்தன்மை உடைய அந்த உப்பைக் குன்றிமணி அளவில் கொடுப்பதே மருத்துவர்களின் வழக்கம் என்பதால், கரண்டிக் கணக்கில் வாங்கித் தின்னும் பொருள் அன்று.

உடல் எடை குறைய வெறும் வயிற்றில் பச்சைப் பிரண்டைச் சாறு குடிக்கச் சொல்லிக் கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது. குடிக்கலாமா? எனக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்து கரைந்திருக்கிறது. (ஒரு வாசகி, ஆவடி)

குடிக்கக் கூடாது. சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவையே. பச்சைச் சாற்றின் வழியாக அதே பொருளை நாள்தோறும் உள்ளே தள்ளுவது உங்களுக்கு வேண்டாத வேலை. வதக்குவதும் புளி சேர்ப்பதும் அரிப்பைத்தான் அடக்குகின்றன. ஆக்சலேட் முழுவதையும் அவை நீக்கிவிடுவதில்லை. ஆகவே துவையலைக்கூட நீங்கள் எப்போதேனும் ஒரு முறை, சிறிதளவு என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடிப்பதே சரி. கல் எதுவும் வராதவர்களுக்கும் பச்சைச் சாறு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மூலநோய்க்குப் பிரண்டையைப் பரிந்துரைக்கும் சித்த மருத்துவக் குணபாடமும் அதை நெய்யில் வறுத்து அரைத்தே உண்ணச் சொல்கிறது.

எடைக் குறைப்புப் பேச்சுக்கு மூலம், 2006இலும் 2008இலும் கேமரூன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சில ஆய்வுகள். அவை பிரண்டையிலிருந்து செறிவூட்டி எடுத்த சாரத்தை, சில வாரங்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தவை. வேலியில் பறித்து மிக்ஸியில் அடித்த சாற்றைப் பற்றியவை அல்ல. ‘சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ்’ என்று லின்னேயஸ் 1767இல் சூட்டிய பெயரைப் பொறித்த புட்டிகள் உடற்பயிற்சிக் கூடங்கள் வரை வந்து சேர்ந்திருப்பதில் அந்த ஆய்வுகளுக்குப் பங்குண்டு. கருவுற்றிருப்பவர்கள் சாறு, உப்பு, மாத்திரை ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும்; மாதவிலக்கை ஒழுங்குபடுத்துவதற்கென்று நாட்டு வைத்தியத்தில் கொடுத்துவந்த மூலிகை இது. காதுவலிக்குச் சாறு பிழிந்து விடும் பழக்கமும் சில ஊர்களில் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் காதில் எதையும் விடக் கூடாது.

அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் பிரண்டை வளருமா? (ஒரு வாசகர், வேளச்சேரி)

மிக எளிதாக வளரும். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள, சற்று முற்றிய தண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டு வைத்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். தோட்ட மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து, தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரண்டை வாடிச் சாவதில்லை, தண்ணீர் தேங்கி அழுகித்தான் சாகும். எனவே மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். பற்றிக்கொள்ள ஒரு கயிறோ கம்பியோ கட்டிவிட்டு, அரை நாள் வெயில் கிடைக்கும் பக்கமாக வையுங்கள். மழைக்காலத்தில் நட்டால் சில வாரங்களில் புதுத் தளிர் வரும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும் என்பதால், துவையலுக்குப் பறிப்பதே அதற்குக் கவாத்து ஆகிவிடுகிறது. பால்கனிக் கம்பியைத் தாண்டிக் கீழ்வீட்டாரின் துணிக்கொடிக்குள் அது இறங்காமல் மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.